திருமணத்துக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டிருக்கிறார்களா?

ஓய்வு பெற்ற டீச்சர் என்றால் பழைய மாணவர்கள் பத்திரிகையோடு வந்து, "நீங்கதான் நடத்திவைக்கணும்" என்று நிற்பார்கள். அப்படி அழைப்பு வந்த சக ஆசிரியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இதுக்கு லைசென்ஸ் ஏதாவது வாங்கணுமா?"

வேண்டாம். புரோகிதர் இல்லாமல் நடக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்காக இந்து திருமணச் சட்டத்தில் அண்ணா ஆட்சி 1967இல் கொண்டுவந்த 7ஏ பிரிவு, நடத்திவைப்பவர் என்று ஒருவரைக் கேட்பதே இல்லை. உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், இருவரும் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகத் தங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று போதும். வக்கீல்கூட நண்பராகவோ உறவினராகவோ நடத்திவைக்கலாம், தொழில்முறையில்தான் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது.

ஆனால் சரி என்று தலையாட்டுமுன் வயதுச் சான்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். பையனுக்கு 21, பெண்ணுக்கு 18. குழந்தைத் திருமணம் என்றால் நடத்திவைத்தவருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம் உண்டு. "வீட்டுல சொன்னாங்க" என்பதெல்லாம் எனக்குப் போதாது. முன்பு மணமானவர் என்றால் விவாகரத்துத் தீர்ப்பின் நகலைக் கேளுங்கள். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள். ஒருவர் கிறிஸ்தவர் அல்லது முஸ்லிம் என்றால் 7ஏ பொருந்தாது. 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ், 3 சாட்சிகள் வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுமுன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

மேடையில் நான் வைத்திருப்பது ஒரு தாள். "இன்னாராகிய நான், இன்னாரை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன்." மணமகளுக்கு "கணவராக". "வாழ்க்கைத் துணை", "இணையர்", திருக்குறள் எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள், அழகுதான். ஆனால் கணவர், மனைவி என்ற சொற்களை விடாதீர்கள். சட்டத்தில் இருப்பவை அவைதான். நீங்கள் முழுக்க வாசித்து அவர்கள் தலையசைப்பது உறுதிமொழி ஆகாது. துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்து, மைக்கை அவர்கள் வாய்க்கு அருகில் கொண்டுபோங்கள். நாதஸ்வரக்காரரிடம் அதுவரை பொறுக்கச் சொல்லிவையுங்கள். வாழ்த்துரை அப்புறம். மூன்று பேருக்கு மேல் பேசினால் கூட்டம் பந்திக்குப் போய்விடும்.

அடுத்தது பதிவு. தமிழ்நாட்டின் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். உறுதிமொழி சொல்லும்போது ஒன்று, மாலை மாற்றும்போது ஒன்று என்று படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பத்திரிகையில் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். அச்சுக்குப் போகுமுன் அதை நானே ஒருமுறை வாங்கிப் பார்த்துவிடுவேன்.