பல ஹார்ட் டிஸ்க் உள்ள லினக்ஸ் கணினியில் லாஜிக்கல் வால்யூம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை மாலைகளில் என்னிடம் லினக்ஸ் கற்க வரும் தம்பிகள், லோ யாட் பிளாசாவில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் வாங்கிப் பூட்டியதுமே எல்விஎம் (பல டிஸ்க்குகளின் இடத்தை ஒன்றாகச் சேர்த்துப் பகிரும் முறை) அமைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. கட்டளையில் எழுத்துப்பிழை, ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாமல் இயக்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றைப் பிழைச்செய்தியே திருத்திவிடும். பிழைச்செய்தி வராத தவறுகளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மவுண்ட் ஆனதா என்று பாராமல் எழுதுவது

மஸ்ஜித் இந்தியா சாலைப் பக்கம் ஒரு புகைப்பட ஸ்டுடியோவுக்கு நான் ஒரு லினக்ஸ் கணினி அமைத்துக் கொடுத்தேன். இயங்குதளம் 240 ஜிபி எஸ்எஸ்டியில் இருந்தது. இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க்குகளை ஒரே வால்யூம் குரூப்பில் (டிஸ்க்குகளின் தொகுப்பில்) சேர்த்து, அதிலிருந்து ஒரு பெரிய லாஜிக்கல் வால்யூமை (தொகுப்பிலிருந்து பிரித்தெடுத்த பகுதியை) உருவாக்கி, படங்களுக்கான கோப்புறையில் மவுண்ட் செய்திருந்தேன், அதாவது அந்தக் கோப்புறை வழியாகத் திறக்கும்படி இணைத்திருந்தேன். டிஸ்க்கில் கோளாறு வந்தாலும் கணினி எழும்ப வேண்டும் என்று எஃப்எஸ்டேப் (எது எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று பட்டியலிடும் கோப்பு) வரியில் ‘நோஃபெயில்’ சேர்த்திருந்தேன். அது இல்லையென்றால் கணினியை எழுப்பிச் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்து, பிறகு அவசர நிலைக்குப் போய்விடும்.

தைப்பூசத்துக்கு முன் கடையைச் சுத்தம் செய்தவர்கள் கணினியை நகர்த்தியபோது ஒரு சாட்டா கேபிள் தளர்ந்திருக்கிறது. குரூப்பில் ஒரு டிஸ்க் காணாமற்போனதால் லாஜிக்கல் வால்யூம் செயலுக்கு வரவில்லை. ‘நோஃபெயில்’ இருந்ததால் கணினி மறுப்பே இல்லாமல் எழும்பியது. மவுண்ட் ஆக வேண்டிய கோப்புறை மட்டும் வெறும் கோப்புறையாக எஸ்எஸ்டியில் இருந்தது. ஒவ்வொரு மாலையும் பத்துமலைப் படங்களை நகலெடுத்த ஸ்கிரிப்ட் அந்த வெறும் கோப்புறையில்தான் எழுதியது, ‘முடிந்தது’ என்று செய்தியும் காட்டியது. அதை நம்பிக் கேமரா கார்டுகளை அழித்துவிட்டார்கள்.

எஸ்எஸ்டி நிரம்பிக் கணினி தடுமாறியபோது என்னை அழைத்தார்கள். கேபிளை அழுத்திப் பொருத்தி ரீபூட் செய்ததும் வால்யூம் மவுண்ட் ஆனது. பழைய படங்கள் எல்லாம் தெரிந்தன. ஆனால் மொத்த இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை எஸ்எஸ்டி நிரம்பியிருப்பதாகச் சொன்னது, தெரியும் கோப்புகளைக் கூட்டிக் காட்டும் டியூ கட்டளையோ 18 ஜிபிதான் கண்டது. இந்த வேறுபாடு எதைச் சொல்கிறது என்று அன்று நான் நின்று யோசிக்கவில்லை. படங்கள் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன என்ற துணிவில் எஸ்எஸ்டியை ஃபார்மட் செய்து இயங்குதளத்தை மீண்டும் நிறுவினேன்.

மவுண்ட் ஆன வால்யூம், தனக்கு அடியில் உள்ள கோப்புறையின் கோப்புகளை மறைத்துவிடும். அவை அழிவதில்லை, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். தைப்பூசப் படங்கள் அங்கேதான் இருந்தன. ஃபார்மட் செய்யும்போதே எஸ்எஸ்டியின் இடங்கள் காலியென அறிவிக்கப்பட்டுவிடுவதால் மீட்பு மென்பொருளும் எதையும் தரவில்லை. “அண்ணே, காப்பி ஆயிருச்சுன்னுதானே கம்ப்யூட்டர் சொல்லுச்சு?” என்று அந்த ஸ்டுடியோ தம்பி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ரூட் பகுதியை (இயங்குதளம் உள்ள பகுதியை) வேறோர் இடத்தில் ‘மவுண்ட் --பைண்ட்’ மூலம் திறந்து பார்த்திருந்தால், அடியில் கிடந்த கோப்புகள் அனைத்தும் தெரிந்திருக்கும். ஒரே ஒரு கட்டளை. இன்றும் இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

ஆகவே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். வால்யூம் மவுண்ட் ஆகாத நிலையில் அந்த வெறும் கோப்புறைக்குச் ‘சாட்டர் +ஐ’ கொடுத்துப் பூட்டிவிட்டால், ரூட் பயனர்கூட அதில் எழுத முடியாது; ஆனால் அதன்மேல் மவுண்ட் செய்வதற்குத் தடை இராது. நகலெடுக்கும் ஸ்கிரிப்டின் முதல் வரியில் ‘மவுண்ட்பாயிண்ட் -க்யூ’ வைத்து, மவுண்ட் இல்லையென்றால் அங்கேயே நிற்கச் செய்யுங்கள். சிஸ்டம்டி சேவையாக இயங்குவதென்றால் ‘ரிக்வயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபார்’ என்ற வரியில் கோப்புறையின் பாதையைக் குறிப்பிடுங்கள். மவுண்ட் தோற்றால் சேவையும் தொடங்காது.

எஃப்எஸ்டேப்பைத் திருத்திய கையோடு ரீபூட் செய்வது

முதலில் கோப்பில் பிழை உண்டா என்று பார்க்க ‘ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை’, பிறகு அதில் உள்ளவற்றை மவுண்ட் செய்து பார்க்க ‘மவுண்ட் -ஏ’, அதன் பிறகே ரீபூட்.

பழைய டிஸ்க்கை அப்படியே பூட்டுவது

வேறொரு கணினியில் உபுண்டு சர்வர் ஓடிய டிஸ்க்கைக் கொண்டுவந்து பூட்டினால், இரண்டிலும் குரூப்பின் பெயர் ‘உபுண்டு-விஜி’ என்றே இருக்கக்கூடும். பெயரைக் கொண்டு அழைத்தால் எதைச் சொல்கிறோம் என்று எல்விஎம்முக்குத் தெரியாது. குரூப்புகளைப் பட்டியலிடும் ‘விஜிஎஸ் -வி’ கட்டளையில் இரண்டின் யுயுஐடி எண்களையும் (தனித்த அடையாள எண்களையும்) பார்த்து, பழைய டிஸ்க்கின் எண்ணை ‘விஜிரீநேம்’ கட்டளைக்குக் கொடுத்துப் பெயரை மாற்றுங்கள். இந்த வேலையை அவசரமாகச் செய்யாதீர்கள். தவறான எண்ணைக் கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் குரூப்பின் பெயரே மாறி, அடுத்த முறை கணினி எழும்பாமல் போகலாம்.

மிரர் இல்லாமல் ஒரு வால்யூமை இரண்டு டிஸ்க்கில் பரப்புவது

மிரர் (இன்னொரு டிஸ்க்கில் அதே தரவின் நகல்) இல்லாதபோது ஒரு டிஸ்க் போனால் அந்த வால்யூமே போனதாகக் கொள்ளுங்கள்.

ஸ்னாப்ஷாட் இருக்கும்போது யுயுஐடியை நம்புவது

எஃப்எஸ்டேப்பில் யுயுஐடி எழுதுவதே நல்லது என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள்; சாதாரணப் பார்ட்டிஷனுக்கு அது சரி. ஆனால் ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையின் நகல்) எடுத்த லாஜிக்கல் வால்யூமுக்கும் அந்த ஸ்னாப்ஷாட்டுக்கும் கோப்பு அமைப்பின் யுயுஐடி ஒன்றே என்பதால், எது மவுண்ட் ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கோப்பு அமைப்பு எக்ஸ்எஃப்எஸ் வகை என்றால் இரண்டாவதை மவுண்ட் செய்யவே மறுக்கும். ‘நோயுயுஐடி’ சேர்த்தால்தான் விடும். லாஜிக்கல் வால்யூமுக்கு டெவ்-மேப்பர் (/dev/mapper) கோப்புறையில் உள்ள பெயரையே எழுதுங்கள்; டிஸ்க்குகளை எந்த வரிசையில் மாற்றிப் பூட்டினாலும் அந்தப் பெயர் மாறாது.