மாக்கல்லில் ஒரு உஷப்தி செதுக்கலாம்

குன்னூரில் நாலு நாள் விடாத மழை, கைக்கு வேலை வேண்டுமென்றுதான் ஆரம்பித்தேன். உஷப்தி என்பது பழைய எகிப்தியர் கல்லறையில் வைத்த சின்னப் பொம்மை; மறு உலகில் வயல் வேலைக்குக் கூப்பிட்டால் செத்தவருக்குப் பதில் "இதோ இருக்கிறேன்" என்று அது போகணும். துதன்காமுன் என்ற எகிப்திய மன்னன் கல்லறையில் மட்டும் 413 இருந்தன. சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு ஏற்பாடா!

கல்? மாக்கல்தான், கல்சட்டி செய்கிற அதே கல், நகம் பட்டாலே கீறும். உடைந்த சட்டி வேண்டாம், எண்ணெய் ஊறியிருக்கும்.

ஒரு சாண் துண்டில் முன்பக்கமும் பக்கவாட்டும் பென்சிலால் வரைந்து, ஹேக்ஸா பிளேடால் அறுத்து, அப்புறம் அரத்தால் தேயுங்கள். ஈரத்திலேயே தேயுங்கள், மாஸ்க் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. மம்மி உருவம் என்பதால் கால்களைப் பிரிக்கக் கூடாது. கழுத்தை மெலிதாக்கினீர்களோ போச்சு, என் முதல் பொம்மை அங்கேதான் ஒடிந்தது. பிறகுதான் கவனித்தேன், எகிப்தியர் பொம்மையில் தோள்வரை இறங்கும் பொய்முடி கழுத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. கைகள் மார்பில் குறுக்காக, பிடியில் மண்வெட்டி, முதுகில் பை.

ஈர உப்புத்தாள் போட்டு, காய்ந்ததும் எண்ணெய். தேங்காயெண்ணெய் இந்தக் குளிரில் உறைந்தே கிடக்கும், விளக்கெண்ணெய் பூசுங்கள். கல் கருத்த பிறகு இடுப்புக்குக் கீழே கிடைக்கோடுகள் போட்டு, கோணூசியால் பெயரைக் கீறினால் எழுத்து வெளிர்சாம்பலில் பளிச்சென்று நிற்கும்.