சபைக் கமிட்டியில் பெண்கள்: வாக்காளர் பட்டியலிலிருந்து தொடங்கும் ஓராண்டு வேலை

மகளிர் ஞாயிறன்று பெண்கள் ஜெபிக்கிறார்கள், வேதம் வாசிக்கிறார்கள், செய்தி கொடுக்கிறார்கள். அடுத்த ஞாயிறு எல்லாம் பழையபடி. ஆண்டுக்கொரு விழாவால் அதிகாரம் கை மாறாது. மாற வேண்டுமானால் சபையின் விதிப்புத்தகத்திலும் கணக்குப் புத்தகத்திலும் கைவைக்க வேண்டும்.

முதலில் எண்ணிக்கை

ஒரு பெண், ஒரு ஆண் என இருவரிடம் இதை ஒப்படையுங்கள். நான்கு வாரம் போதும். கமிட்டி உறுப்பினர் பட்டியல், வங்கியில் கையெழுத்திடும் உரிமை உள்ளவர்களின் பெயர்கள், கடந்த 12 மாத ஆராதனைப் பொறுப்புப் பட்டியல், போன ஆண்டின் வரவு செலவு ஆகியவற்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் பெண்கள் எத்தனை, ஆண்கள் எத்தனை என்று எழுதட்டும். சம்பளமில்லா வேலைகளுக்குத் தனித் தாள் வேண்டும்: ஆலயச் சுத்தம், அலங்காரம், சமையல், ஞாயிறு பள்ளி, நோயாளிகளைச் சந்திப்பது. மாதத்துக்கு எத்தனை மணி நேரம், செய்வது யார்? பல சபைகளில் இந்தத் தாள்தான் ஆண்களை வாயடைக்க வைக்கும்.

பதவிகளை எண்ணாமல் ஆட்களை எண்ணுங்கள். நான்கு கமிட்டிகளில் ஒரே அக்கா இருந்தால் கணக்கில் அவர் ஒருவர்தான். போதகரின் மனைவி என்ற முறையில் மட்டும் பெண்கள் சங்கத் தலைவியாக இருப்பவரைத் தனியாகக் குறியுங்கள். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. போதகருக்கு மாற்றல் வந்தால் அந்த இடமும் காலி. முடிந்தால் இரண்டு கமிட்டிக் கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து, யார் எத்தனை முறை பேசினார், யார் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது என்று கோடு போட்டு எண்ணுங்கள்.

வாக்காளர் பட்டியல்

இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் தெரியாமலேயே தோற்கின்றன. சந்தா குடும்பத்தின் பெயரில் கட்டப்படுகிறது. ரசீது குடும்பத் தலைவர் பெயருக்கு எழுதப்படுகிறது. சந்தா கட்டியவருக்குத்தான் வாக்கு என்று விதி சொல்கிறது. ஞாயிறு தவறாமல் வரும் மனைவிக்கும் மாமியாருக்கும் வயது வந்த மகளுக்கும் வாக்கு இல்லை. ஆலயத்துக்கு எப்போதாவது வரும் கணவருக்கு உண்டு. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு “பெண்கள் தேர்தலில் நிற்கலாமே, யார் தடுத்தது?” என்று கேட்பது வீண் பேச்சு.

இதைத் திருத்த, குடும்ப அட்டையைத் தனிநபர் அட்டையாக மாற்றுங்கள். தொகையைக் கூட்ட வேண்டாம். அதே தொகையை வயது வந்தவர்களின் பெயரில் பிரித்து வரவு வைத்தால் போதும். வருமானமில்லாதவருக்குக் குறைந்தபட்சச் சந்தாவைப் பெயரளவில் வையுங்கள். கெடு தேதி முடிந்தபின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, பெயர் விடுபட்டவர்கள் முறையிட இரண்டு வாரம் கொடுங்கள். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே தொடங்காவிட்டால் அந்த ஆண்டுக்கு இது உதவாது.

இடங்களை எழுதி வைப்பது

“தகுதியுள்ள பெண்கள் முன்வந்தால் வரவேற்போம்” என்ற தீர்மானத்தால் எதுவும் நடக்காது. எண் வேண்டும். லூத்தரன் உலகக் கூட்டமைப்பு 1984-இல் புடாபெஸ்ட் பேரவையில் பெண்களுக்குக் குறைந்தது 40 சதவீத இடம் என்ற இலக்கை ஏற்றது. உங்கள் விதியை இரு பாலருக்கும் பொருந்தும்படி எழுதுங்கள்: “எந்தப் பாலினத்தவரும் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.” 12 பேர் கமிட்டியில் அது 4.8. பின்னத்தை மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள். இல்லையேல் ஐந்து நான்காகிவிடும். ஒரே ஒரு பெண்ணை உட்கார வைப்பது அவருக்கே அநியாயம். அவர் பேசினால் ‘பெண்கள் கருத்து’ ஆகிவிடும், பேசாவிட்டால் சம்மதம் ஆகிவிடும்.

தொடர்ச்சியாக இரண்டு தவணைக்கு மேல் ஒருவர் ஒரே பதவியில் இருக்கக் கூடாது என்ற விதியும் கூடவே வர வேண்டும். பழைய ஆட்கள் எழுந்தால்தானே நாற்காலி காலியாகும். விதித் திருத்தத்துக்கு எத்தனை நாள் அறிவிப்பு, எவ்வளவு பெரும்பான்மை, மேலிடத்தின் ஒப்புதல் தேவையா என்பதை முதலிலேயே பாருங்கள். அறிவிப்பு ஒரு நாள் குறைந்தாலும் எதிர்ப்பவர்கள் தீர்மானத்தையே செல்லாததாக்கிவிடுவார்கள்.

வந்தவர்கள் நிலைக்க, கூட்டம் நடக்கும் விதமும் மாற வேண்டும். இரவு எட்டு மணிக்குத் தொடங்கி முடிவு நேரம் தெரியாமல் நீளும் கூட்டத்தில், வீடு திரும்பவும் குழந்தையைத் தூங்க வைக்கவும் வேண்டியவர் எப்படி உட்காருவார்? தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் அறிவியுங்கள். பேசவிருக்கும் பொருள்களும் கணக்கும் ஏழு நாள் முன்பே கைக்குச் சேரட்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆண்கள் முறைவைத்து நிற்கட்டும். குறிப்பெழுதுவதையும் தேநீர் கொடுப்பதையும் சுழற்சியில் விடுங்கள். இரண்டும் பெண்கள் தலையிலேயே விழுந்தால் வாய் திறக்க அவர்களுக்கு நேரமிருக்காது.

பணம்

பெண்கள் சங்கம் திரட்டும் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். பலகாரம் விற்று, சீட்டு நடத்தி, வீடு வீடாகப் போய்ச் சேர்த்தது கட்டட நிதிக்குப் போய்விடும். செலவு எப்படி என்று சங்கத்தை யாரும் கேட்பதில்லை. சங்கத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு, நிதிக் கமிட்டியில் குறைந்தது இரண்டு பெண்கள் என்பவை அடிப்படை. பொறுப்பேற்கும் முன் மூன்று மாதம் பொருளாளரோடு உட்கார்ந்து ரசீது, பற்றுச்சீட்டு, வங்கிச் சரிபார்ப்பு ஆகியவற்றைப் பழகட்டும். ஆண்களுக்கும் இதே பயிற்சி கொடுங்கள். கணக்கு தெரியாத ஆண் பொருளாளர்கள் ஒன்றும் அபூர்வமில்லை.

தொழிலுக்கு உதவி என்றதும் சபைகள் தையல் இயந்திரம்தான் வாங்குகின்றன. எல்லோரும் தைத்தால் தைக்கக் கொடுப்பது யார்? அதைவிடச் சேமிப்புக் குழு உறுதியானது. கேர் என்ற சர்வதேச உதவி அமைப்பு 1991-இல் நைஜரில் தொடங்கிய முறையைப் பின்பற்றலாம். 15 முதல் 25 பேர். சேமிப்பு ஒரே விலையுள்ள பங்குகளாக: ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் ஒன்று முதல் ஐந்து பங்கு வரை வாங்கலாம். பணம் மூன்று பூட்டுள்ள பெட்டியில். சாவிகள் மூன்று பேரிடம், பெட்டி நான்காமவரிடம். கடன் அவரவர் சேமிப்பின் மூன்று மடங்குக்குள். 9 முதல் 12 மாதத்தில் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிட்டு மறுபடி தொடங்குவது. சபை அதில் பணம் போடக் கூடாது: வெளிப்பணம் வந்தால் ‘சபைப் பணம்தானே’ என்று திருப்பிக் கட்டுவது தளரும். சாவி எதுவும் போதகர் கையிலும் வேண்டாம். மனைவி பெயரில் கணவர் கடன் வாங்குவதும் நடக்கும். ஆகவே பணம் எதற்கென்று வாங்குபவரே குழுவின் முன் சொல்ல வேண்டும் என்பதை விதியாக்குங்கள்.

வேதப்பகுதிகள்

பெண் உபதேசிக்கக் கூடாது என்னும் 1 தீமோத்தேயு 2:12-ஐ யாராவது எடுத்து வீசுவார்கள். ஒதுங்க வேண்டாம். 1 கொரிந்தியர் 14:34 பெண்கள் பேசாமலிருக்கச் சொல்கிறது. அதே நிருபத்தின் 11:5 பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் நடைமுறையில் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு பேசுகிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்க வையுங்கள். சொத்துரிமைக்கு எண்ணாகமம் 27-இல் செலொப்பியாத்தின் குமாரத்திகள், ஊழியத்துக்குப் பணம் கொடுத்த பெண்களுக்கு லூக்கா 8:1-3, போதிப்பதற்கு அப்போஸ்தலர் 18:26-இல் பிரிஸ்கில்லாள். ஆண்கள் சங்கத்தில் இதை நான்கு வாரம் நடத்துங்கள். உலகத் திருச்சபைகள் மாமன்றம் 1988 முதல் 1998 வரை பெண்களோடு சபைகள் தோள்கொடுத்து நிற்கும் பத்தாண்டு என்று அறிவித்தபோது, நடுவே சபைகளைப் பார்க்கப் போன குழுக்கள் கண்டது தலைகீழ்: பெண்கள்தான் சபைகளுக்குத் தோள்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

புகார் வந்தால்

பாலியல் தொல்லை போன்ற புகார்களை விசாரிக்க ஐந்து பேர் குழு; மூவராவது பெண்கள்; ஒருவர் சபைக்கு வெளியே, இத்துறையில் பழக்கமுள்ளவர். போதகரும் அவர் குடும்பத்தாரும் வேண்டாம், ஏனெனில் புகார் அவர்கள்மேலேயே வரலாம். புகார் பெற்றதற்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் ஒப்புகை. விசாரணை முடியும்வரை குற்றம்சாட்டப்பட்டவர் பொறுப்பிலிருந்து விலகி நிற்பது. மூன்று மாதத்துக்குள் அறிக்கை. குற்றமாகவோ குழந்தை தொடர்பாகவோ இருந்தால் நாட்டுச் சட்டப்படி காவல்துறைக்குத்தான். உள்ளேயே பேசி முடிக்க சபைக்கு உரிமை இல்லை.

வீட்டில் அடிவாங்கும் பெண்ணையும் கணவரையும் ஒன்றாக உட்கார வைத்து ஆலோசனை சொல்லாதீர்கள். அங்கே அவள் உண்மை சொன்னால் வீட்டில் அதற்கும் அடி விழும். “மன்னித்து, சேர்ந்து வாழுங்கள்” என்று அவசரப்படுத்துவதும் அதே ஆபத்துதான். அவளைத் தனியாகச் சந்தித்து, இன்றிரவு எங்கே தங்குவாள், யாரை அழைப்பாள், அடையாள ஆவணங்கள் எங்கே என்பதை முதலில் கேளுங்கள். உதவி எண்களைப் பெண்கள் கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அறிவிப்புப் பலகையில் பலர் பார்க்க அதை யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள்.

பன்னிரண்டு மாதம் கழித்து அதே தாள்களை அதே முறையில் நிரப்பி, இரு ஆண்டு எண்களையும் பொதுச்சபையில் வாசியுங்கள். கமிட்டியிலிருந்து இடையில் விலகிய பெண்களைத் தனியாகப் போய்ப் பார்த்துக் காரணம் கேளுங்கள். கூட்ட நேரம், பேச்சில் அவமதிப்பு, கணக்கு கேட்டதால் வந்த மிரட்டல் என்று பதில் வரும்; அடுத்த ஆண்டின் வேலைப்பட்டியலை அதிலிருந்தே எழுதலாம்.