செட்டிநாட்டுச் செம்மண்ணுக்கு எந்தப் பின் டயர்? மவுண்டன் பைக்கிற்குப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்குத் தார்ச்சாலையில் சுமார் 15 கிலோமீட்டர். நான் பெரும்பாலும் அப்படி நேராகப் போவதில்லை. கண்மாய்க் கரை, தைலமரக் காடு, சரளை மேடு என்று சுற்றித்தான் போவேன். முதல் வருஷம் முழுக்க, சைக்கிளோடு வந்த பெரிய பட்டன் (டயரின் மேல் புடைத்து நிற்கும் ரப்பர்க் கட்டி) டயர்களையே முன்னும் பின்னும் வைத்து மிதித்தேன். தார் ரோட்டில் ஏறியதும் வண்டு இரைவது போல ஒரு சத்தம் வரும், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கும். பின் டயரை மட்டும் மாற்றிய அன்று, அதே பாதையை முடித்துவிட்டு இன்னொரு சுற்றுப் போகலாம் என்று தோன்றியது. அந்தச் சந்தோஷம் உங்களுக்கும் கிடைக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏன் பின் டயர் மட்டும் என்று கேட்பீர்கள். உட்கார்ந்து மிதிக்கும்போது உடல் எடையில் பெரும்பங்கு பின் சக்கரத்தின் மேல்தான் இறங்குகிறது. தரையில் அமுங்கி எழும் ஒவ்வொரு முறையும் ரப்பர் நம் சக்தியில் கொஞ்சத்தைச் சூடாக்கி வீணடிக்கும். பட்டன் உயரமாக இருந்தால் அது நெளிவதில் இன்னும் கொஞ்சம் போகும். எடை அதிகம் ஏறும் பின் சக்கரத்தில் இந்த இழப்பும் அதிகம். முன் சக்கரத்திற்கு வேறு வேலை: வண்டியைத் திருப்புவதும், பிரேக் பிடிக்கும்போது அதிகப் பாரத்தைத் தாங்குவதும் அதுதான். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் விழுவதற்குள் யோசிக்கக்கூட நேரம் இருக்காது. அதனால் முன்னால் இருக்கும் பெரிய பட்டன் டயர் அப்படியே இருக்கட்டும்.

படி 1: உங்கள் மண்ணைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் இதைச் செய்யுங்கள். வழக்கமாகப் போகும் பாதையில் எவ்வளவு தூரம் தார், எவ்வளவு செம்மண், எங்கே சரளை, எங்கே மணல் என்று கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் நிலம் பெரும்பாலும் சமதளம், ஊருக்கு ஊர் தார் ரோடு வந்துவிடும். பாதித் தூரமாவது தாரும் இறுகிய செம்மண்ணும்தான் என்று தெரிந்தால், வேகமாக உருளும் பின் டயர் உங்களுக்கு நிச்சயம் பயன்படும்.

படி 2: டயரின் பக்கவாட்டைப் படியுங்கள்

இப்போது இருக்கும் டயரில், உதாரணமாக, 29 x 2.25 என்றும் 57-622 என்றும் அச்சிட்டிருக்கும். 57 என்பது மில்லிமீட்டரில் அகலம், 622 என்பது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இந்த இரண்டாவது எண் கட்டாயம் பொருந்த வேண்டும். 29 அங்குலச் சக்கரத்திற்கு 622, 27.5-க்கு 584, பழைய 26-க்கு 559. அகலத்தைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே இரு பக்கமும் 6 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும். தொடங்குபவர்களுக்கு 2.25 அங்குல அகலம் போதும் என்பது என் கருத்து.

படி 3: மண்ணுக்கு ஏற்ற பட்டன்

இந்தப் படியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

இறுகிய செம்மண், தார், வண்டித்தடம்: நடுவில் குட்டையான, நெருக்கமான பட்டன்கள் உள்ள டயர் போதும். மேக்ஸிஸ் ஐகான், ஷ்வால்பே ரேசிங் ரால்ஃப், கான்டினென்டல் ரேஸ் கிங், விட்டோரியா மெஸ்கல் எல்லாம் இந்த வகை. பட்டனைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். உருளும் திசையில் அதன் முன்விளிம்பு சரிவாகவும் பின்விளிம்பு செங்குத்தாகவும் இருந்தால் நல்லது. சரிவு உருள உதவும், செங்குத்து பிரேக்கின்போது மண்ணைப் பிடிக்கும்.

சரளை மேடு: ஆத்தங்குடித் தரையில் கேழ்வரகைக் கொட்டிவிட்டு அதன்மேல் நடந்து பாருங்கள், அதுதான் கெட்டியான தரைமேல் கிடக்கும் உருண்டைச் சரளை. இங்கே நடுப் பட்டனைவிட ஓரப் பட்டன்தான் முக்கியம். வளைவில் வண்டி சாயும்போது அதுதான் கடித்து நிற்கும். நடுவில் கிட்டத்தட்ட வழுவழுப்பாகவும் ஓரத்தில் பெரிய பட்டன்களோடும் ஒரு வகை உண்டு. மேக்ஸிஸ் மினியன் எஸ்.எஸ்., ஷ்வால்பே ராக் ரேஸர் இரண்டும் அப்படி. காய்ந்த மண்ணில் அருமையாக ஓடும். ஆனால் நேராகப் பிரேக் பிடித்தால் பின் சக்கரம் சீக்கிரமே சறுக்கும். பிரேக்கை மெதுவாக அழுத்தப் பழகாதவர்கள் முதல் டயராக இதை வாங்க வேண்டாம்.

ஓடை மணல்: பட்டனால் பெரிய வித்தியாசம் இல்லை. அகலமும் குறைந்த காற்றும்தான் மிதக்க வைக்கும்.

கண்மாய் ஈரம்: ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்க்குள் இருக்கும் கரம்பை என்ற களிமண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முதல் மழைக்கு மறுநாள், கண்மாயைக் குறுக்கே கடந்தால் தூரம் குறையுமே என்று குட்டைப் பட்டன் டயரோடு இறங்கினேன். கிண்டிய கும்மாயம் கரண்டியில் ஒட்டுவது போல மண் ஒட்டி, பட்டன்களின் இடைவெளி முழுக்க அடைத்துவிட்டது. அதற்குமேல் அது வெறும் மண் உருளைதான். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையேறினேன். ஈரக் களிமண்ணுக்கு உயரமான, இடைவெளி அதிகமுள்ள பட்டன்கள்தான் தேவை. அவை உருளும்போதே மண்ணை உதறிவிடும். விட்டோரியா பார்சோ போன்றவை அதற்கு ஏற்றவை. ஆனால் அந்த இரண்டு மூன்று மாதத்திற்காக வருஷம் முழுக்க அதைச் சுமக்க வேண்டியதில்லை. மழை பெய்த மறுநாள் களிமண்ணை விட்டுவிட்டுச் செம்மண் பாதையில் போங்கள், தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். ஈரக் கரையில் சக்கரம் பதிக்கும் தடம் கரைக்கும் நல்லதில்லை.

ஒரே ஒரு டயர்தான் வாங்க முடியும் என்றால், நான் சொல்வது முதல் வகை.

படி 4: ரப்பரும் முள்ளும்

ரப்பர் மென்மையாக இருந்தால் பிடிப்பு அதிகம், தேய்மானமும் அதிகம். பின்னால் கொஞ்சம் கெட்டியான ரப்பரே நல்லது. நான் வழக்கமாகப் போகும் பஞ்சர் கடை அண்ணன், “தம்பி, முன் டயர் ஒண்ணு தேயுறதுக்குள்ள பின் டயர் ரெண்டு தேஞ்சிரும்” என்பார். அவர் சொன்னது என் வண்டியில் அப்படியே நடந்தது.

அப்புறம் முள். பாதையோரம் எங்கும் சீமைக்கருவேலம், தரையோடு தரையாக நெருஞ்சி. வேகத்திற்காக மிக மெல்லிய டயர் வாங்கினால் பாதி நாள் பஞ்சர் ஒட்டுவதிலேயே போய்விடும். பக்கவாட்டில் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு உள்ளதை எடுங்கள், எடை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ரிம்மும் டயரும் டியூப்லெஸ்ஸுக்கு (டியூப் இல்லாமல் ஓட்டுவதற்கு) ஏற்றவை என்றால் டியூபை எடுத்துவிட்டுச் சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றுவதுதான் நம் ஊருக்குச் சரி. 29 x 2.25 டயருக்கு 100 மில்லிலிட்டர் அளவு போதும். முள் குத்தினால் பிடுங்கிவிட்டு, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வையுங்கள், சீலண்ட் அங்கே தேங்கி அடைத்துவிடும். நம் வெயிலில் அது சீக்கிரம் காயும், இரண்டு மாதத்திற்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

படி 5: காற்று

இறுக்கமாகக் காற்றடித்தால் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். வழவழப்பான தாரில் அது ஓரளவு உண்மை. சரளையில் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், முன்னே போக வேண்டிய சக்தி மேலே போகும். 70 கிலோ எடையுள்ளவர் 2.25 டயரில் டியூபோடு பின்னால் 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு), முன்னால் 27 வைத்துத் தொடங்கலாம். டியூப்லெஸ் என்றால் 25, 22. உடல் எடை 5 கிலோ கூடினால் ஒரு பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். கல்லில் ரிம் இடிக்கும் சத்தம் கேட்டால் காற்று குறைவு என்று அர்த்தம். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்ப வேண்டாம், சிறிய அளவுமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: மாட்டுதல்

டயரின் பக்கவாட்டில், உருளும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். சில டயர்களில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு அம்புகள் எதிரெதிராக இருக்கும், பின்னுக்கானதைப் பாருங்கள். மாட்டியபின் சக்கரத்தைச் சுழற்றி, ரிம்மை ஒட்டிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று சரிபாருங்கள். ஓரிடத்தில் அமிழ்ந்திருந்தால் காற்றை இறக்கி, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடியும் அடியுங்கள்.

முதல் நாள் தெரிந்த பாதையிலேயே போங்கள். ஆள் நடமாட்டமில்லாத நேரான செம்மண்ணில், மெதுவான வேகத்தில், பின் பிரேக்கை மட்டும் ஐந்தாறு முறை பிடித்துப் பாருங்கள். எந்த அழுத்தத்தில் சக்கரம் சறுக்கத் தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரிந்த பிறகு சரளை மேட்டுக்குப் போகலாம்.