இன்டர்நேஷனல் ஸ்கூல் தேடுகிறீர்களா? கட்டடத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் நோட்டைப் பாருங்கள்

போன வருஷம் என் அக்கா மகள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, "மாமா, மனப்பாடம் பண்ணிப் பண்ணி அலுத்துப்போச்சு, வேற மாதிரி ஸ்கூல் இருந்தா பாருங்களேன்" என்றாள். தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய பாளையங்கோட்டையில், தடுக்கி விழுந்தால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தும் எனக்கும் அத்தானுக்கும் இந்த விஷயத்தில் அ, ஆ கூடத் தெரியவில்லை. ஆறு மாதம் அலைந்து தெரிந்துகொண்டதை, இனிமேல்தான் தேட ஆரம்பிக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் படி: என்ன பாடத்திட்டம் என்று கேளுங்கள்

பெயர்ப்பலகையில் 'இன்டர்நேஷனல்' என்று இருப்பதால் மட்டும் ஒன்றும் நிச்சயமில்லை. அப்படிப் பெயர் வைத்த பல பள்ளிகளில் நடப்பது சிபிஎஸ்இ. அது நல்ல பாடத்திட்டம்தான், ஆனால் நீங்கள் தேடிப் போனது அது இல்லையே. நாங்கள் முதலில் போன பள்ளியில் நீச்சல் குளம், குதிரை, ஏசி வகுப்பறை எல்லாம் சுற்றிக்காட்டிவிட்டுக் கடைசியில் படிவத்தை நீட்டும்போதுதான் விஷயம் தெரிந்தது. வண்ணார்பேட்டை வந்து சேரும்வரை அத்தான் ஒரு வார்த்தை பேசவில்லை.

நீங்கள் அதிகம் கேள்விப்படப்போவது இரண்டு. ஒன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம்: பத்தாம் வகுப்புக்கு இணையாக ஐஜிசிஎஸ்இ, அதன் பிறகு பதினொன்று, பன்னிரண்டுக்கு இணையாக ஏ லெவல். இன்னொன்று ஐபி என்கிற இன்டர்நேஷனல் பாக்கலோரியேட், 1968இல் ஜெனீவாவில் தொடங்கியது. அதில் பதினொன்று, பன்னிரண்டுக்கு நிகரான இரண்டு வருஷப் படிப்புதான் டிப்ளோமா. ஆறு பாடம், ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளி. அதற்கு மேல் 4000 வார்த்தை வரை ஓர் ஆய்வுக் கட்டுரையும் 'அறிவது எப்படி' என்று யோசிக்க வைக்கும் ஒரு பாடமும் சேர்ந்து 3 புள்ளி, ஆக மொத்தம் 45. டிப்ளோமா கிடைக்கக் குறைந்தது 24 வேண்டும். இந்தியாவில் இதை முதலில் கொண்டுவந்தது நம்ம பக்கத்துக் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல், 1976இல்.

பள்ளி சொல்வதை அப்படியே நம்பாமல் ஐபி, கேம்பிரிட்ஜ் இரண்டின் இணையதளத்திலும் பள்ளியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஐபியில் 'விண்ணப்பித்திருக்கும் பள்ளி' என்று ஒரு நிலை உண்டு, அனுமதி இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். விளம்பர நோட்டீஸில் அந்த வித்தியாசம் கண்ணில் படாது.

இரண்டாம் படி: பன்னிரண்டுக்கு அப்புறம் என்ன?

இதை முதலிலேயே பேசிவிடுங்கள், பாதியில் பேசினால் பிள்ளைதான் தவிக்கும். டாக்டர் ஆசை இருந்தால் நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். ஐபி டிப்ளோமாவின் வழக்கமான அமைப்பில் அறிவியல் பாடம் இரண்டுதான் எடுக்கலாம், மூன்று எடுக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும். கணிதமும் எல்லோருக்கும் கட்டாயம். இன்ஜினியரிங் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஐபியின் மே மாதத் தேர்வு முடிவு ஜூலை தொடக்கத்தில்தான் வரும், அதற்குள் இங்கே பல கல்லூரிகளில் அட்மிஷன் பாதி ஓடியிருக்கும். முந்தைய பிள்ளைகள் எப்படிச் சமாளித்தார்கள் என்று பள்ளியிடமே கேளுங்கள்.

அப்புறம், பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறதா? 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. நடுவில் வெளியே வந்தால் அது போய்விடும். இதை நினைத்துப் பார்க்காமல் டிசி வாங்கிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: ஒரு சாதாரண நாளில் போங்கள்

பள்ளி நம்மை அழைக்கும் நாளில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். அதனால் வேறொரு வேலைநாளில், நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். போனதும் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: "ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தர் செய்த வேலையை, முதலில் எழுதினது, டீச்சர் திருத்தினது, மறுபடி எழுதினது, மூணையும் காட்டுங்க."

புதுமையான கல்வி என்று சொல்கிறார்களே, அது இருந்தால் இங்கேதான் தெரியும். ஒரு பள்ளியில் சுவர் நிறைய வண்ண வண்ணமாக பிராஜெக்ட் ஒட்டியிருந்தது, உற்றுப் பார்த்தால் முப்பதும் ஒரே மாதிரி, கடையில் வாங்கிய சார்ட்டில் இணையத்திலிருந்து எடுத்த அதே நாலு வரி. இன்னொரு பள்ளியில் ஒரு பையன் அவன் ஊர்க் குளத்துத் தண்ணீரை மூன்று மாதம் சோதித்து எழுதிய நோட்டைக் கொண்டுவந்தான். அடித்தல் திருத்தல் நிறைய. ஓரத்தில் ஆசிரியர் "இதை எப்படி அளந்தாய்?" என்று கேட்டிருக்க, அவன் கீழேயே பதில் எழுதி, தன் கணக்கு தப்பு என்றும் ஒத்துக்கொண்டிருந்தான். அக்கா மகள் அந்த நோட்டைக் கீழே வைக்கவே இல்லை. தாமிரபரணிக்குப் பக்கத்திலேயே இருந்தும் நாம் ஒருநாள்கூட இப்படிச் செய்ததில்லையே மாமா என்றாள்.

ஆசிரியர்கள் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். வருஷா வருஷம் ஆள் மாறும் இடத்தில் இந்த மாதிரி வேலை நடக்காது. தமிழ் எடுக்க முடியுமா என்பதும் முக்கியம், எங்களுக்கு ரொம்பவே முக்கியமாக இருந்தது.

நான்காம் படி: பணம்

ஒரு வருஷக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஹாஸ்டல், லேப்டாப், டெபாசிட், பயணம் எல்லாம் சேர்த்துப் படிப்பு முடியும்வரை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். தேர்வுக் கட்டணம் பெரும்பாலும் தனி.

வசதி இல்லை என்று ஒதுங்கவும் வேண்டாம். யுனைடெட் வேர்ல்ட் காலேஜ் என்ற பள்ளிகளில் ஒன்று 1997 முதல் புனே பக்கத்தில் நடக்கிறது. அங்கே பதினொன்று, பன்னிரண்டுக்கு ஐபிதான். பிள்ளையைத் தேர்வு செய்த பிறகு குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். போட்டி கடுமைதான், இருந்தாலும் விண்ணப்பித்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: காகிதங்கள்

மார்க் ஷீட், பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் நான்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நமக்கு இந்த இனிஷியல் பெரிய தொந்தரவு. அக்கா மகளுக்கு ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், பாஸ்போர்ட்டில் அத்தானின் முழுப் பெயர். எல்லாவற்றையும் சரிசெய்ய ஒரு மாதம் அலைந்தோம், அதற்குள் ஒரு பள்ளியின் கடைசித் தேதியே தாண்டிவிட்டது. விண்ணப்பம் வாங்கும் முன்னாலேயே, கோடை விடுமுறையில் இதை முடித்துவிடுங்கள்.