மலை நடை மனதைத் தொட வேண்டுமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கோத்தகிரிப் பக்கம் ரங்கசாமி சிகரத்துக்கு முதல்முறை ஏறியபோது உச்சியில் கைகூப்பி நின்றேன். உள்ளே ஒன்றுமே நிகழவில்லை. சுற்றிலும் மூடுபனி. பக்கத்தில் தனியே நிற்கும் அந்தப் பெரிய பாறைத் தூண்கூடத் தெரியவில்லை. இதற்கா இவ்வளவு தூரம் என்று மனம் சுருங்கிப் போனது. இறங்கும்போது கால் வலி தாங்காமல் காட்டுக்குள் ஓர் ஓடையோரம் உட்கார்ந்தேன். வழிகாட்டி, இருளர் இனத்துப் பெரியவர், அவரும் பேசாமல் உட்கார்ந்தார். தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். பத்து நிமிடம் கழித்து என் கண்கள் நிறைந்திருந்தன, காரணம் தெரியாமலே.

நான் உச்சியில் தேடியது ஓடையில் கிடைத்தது. அதற்குப் பிறகு நீலகிரியிலும் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரிலும் நிறைய நடந்துவிட்டேன். மலை கொடுக்க வருவதை நாமே எப்படித் தட்டிவிடுகிறோம் என்பதையும் நிறையப் பார்த்துவிட்டேன்.

முதல் தவறு, உச்சியை மட்டுமே நினைத்து ஓடுவது. நீலகிரியிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். அங்கே வண்டியிலேயே போய் இறங்கிவிடலாம். ஆக, பலன் உயரத்தில் இல்லை, நடையில் இருக்கிறது. 2,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு. அதனால் மூச்சு தானாகவே நம் கவனத்துக்கு வரும். அதைத் துரத்தாமல், அதன் வேகத்துக்குக் காலைக் கொடுங்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகும் பாட்டிகளைப் பாருங்கள், ‘அரோகரா’வும் அடியும் ஒன்றாகவே போகும். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் முதல் நாள் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ தங்கிவிட்டு மறுநாள் நடப்பது நல்லது. விரதம் இருந்து ஏறுவதும் வேண்டாம். மயங்கி விழுந்தால் தூக்கிக்கொண்டு இறங்குவது கூட வந்தவர்கள்தான்.

அடுத்ததை அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. உச்சிக்குப் போனதும் சூடம் ஏற்றுவது. பக்தியோடுதான் செய்கிறார்கள், தெரியும். ஆனால் மார்கழி, தை உறைபனியில் மேல்மலைப் புல்வெளி காய்ந்து போகிறது. மாசி, பங்குனியில் ஒரு பொறி போதும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் விதிகள் கடுமையாயின. இப்போது வனத்துறை அனுமதித்த பாதைகளுக்கு ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளம் வழியாகப் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். தீப்பருவத்தில் பாதையை மூடினால், மூடியிருக்கிறது என்று ஏற்றுக்கொண்டு திரும்புங்கள். குறுக்குவழியில் நுழைந்து எடுக்கிற தரிசனம் தரிசனமாக இருக்காது. சாமிக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், வழியில் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கிக் கீழே கொண்டுவாருங்கள்.

பிறருடைய புனிதத்தை வேடிக்கைப் பொருளாக்குவதும் பெரிய தவறு. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் மந்துக்கு, அதாவது குடியிருப்புக்குப் பக்கத்தில் கோயில் இருக்கும், வளைந்த கூரையும் குனிந்து நுழையும் அளவுக்குச் சின்ன வாசலுமாக. எருமைப் பாலும் அதன் சடங்கும் அவர்களுக்கு வழிபாடு. வெளியார் உள்ளே போகக்கூடாது. கேட்காமல் படம் எடுக்கவும் கூடாது. 2,554 மீட்டர் உயர முக்கூர்த்திச் சிகரம் நமக்கு அழகான முகடு; தோடர்களுக்கோ, இறந்தவர்களின் ஆவி மறுவுலகுக்குப் புறப்படும் இடம். இதைத் தெரிந்துகொண்டு தூரத்திலிருந்து பார்த்தாலே உடம்பு அடங்கி நிற்கும்.

அப்புறம் எதிர்பார்ப்பு. கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் முற்றத்தில் நின்று, “பூ எங்கே?” என்று கேட்டு முகம் வாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறைதான். 2006, 2018, அடுத்தது 2030. பூக்காத ஆண்டுகளிலும் செடி சரிவில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கத்தான் செய்கிறது. அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள், காத்திருப்பது என்றால் என்னவென்று கொஞ்சம் புரியும். வானம் தெளிந்தால் அதே முற்றத்திலிருந்து பழனிக் கோயில் மலை தெரியும். தெரியாவிட்டாலும் முருகன் அங்கேதானே இருக்கிறார்.

ஸ்பீக்கரில் பாட்டு வேண்டாம், பக்திப் பாட்டானாலும். யானையும் காட்டுமாடும் வருவதை முதலில் சொல்வது காதுதான். சத்தமில்லாமல் உட்கார்ந்தால் சில நாள் வரையாடுகள் மேய்ந்தபடியே பார்வைக்குள் வரும். ஒருமுறை ஒரு குட்டி பாறை நுனியில் நின்று எங்களையே வெகுநேரம் பார்த்தது. அன்று எங்களில் யாருக்கும் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

கடைசித் தவறு கீழே வந்த பிறகு நடக்கிறது. வண்டியில் ஏறியதும் போனைத் திறந்து, எடுத்த படங்களை அனுப்பத் தொடங்குவது. காலையிலிருந்து சேர்ந்த அமைதி அரை மணியில் கரைந்துவிடும். எங்கள் குழுவில் டீக்கடை வரை யாரும் போனை எடுப்பதில்லை, பேசுவதும் குறைவு. சூடான கிளாஸைக் கையில் பிடித்தபடி நின்றிருப்போம். முதலில் பேசுகிறவர் பெரும்பாலும் கடைக்காரர்தான்: “மேலே மழைங்களா?”