திரைப்படம் படிக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

பாடத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுச் சேர்வதுதான் நம் பிள்ளைகள் முதலில் செய்யும் தவறு. மாஸ் கொம் (வெகுசனத் தொடர்பியல்) எடுத்தால் இயக்குநர் ஆகிவிடலாம் என்று நம்பி வருகிறார்கள். இரண்டாம் பருவத்தில் விளம்பரம், மக்கள் தொடர்பு, இதழியல், ஆய்வு முறை என்று பாடங்கள் வரிசைகட்டி வரும்போது மனம் ஒடிந்துபோகிறார்கள். அவை கெட்ட பாடங்கள் அல்ல. படம் எடுக்க வந்தவர் தேடியது அவற்றை அல்ல, அவ்வளவுதான். கோலாலம்பூரில் உள்ள தேசியக் கலைக் கல்விக்கூடமான அஸ்வாராவில் திரைப்படத்துக்கென்றே தனிப் புலம் இருக்கிறது. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்குப் போனால் திரைப்படம் தொடர்பியல் துறைக்குள் ஒரு பிரிவு. ஊடகவியல் என்ற பெயரில் நடக்கும் சில பட்டப்படிப்புகளில் கேமராவைத் தொடுவதைவிடக் கட்டுரை எழுதுவதுதான் அதிகம்.

ஆகவே விளம்பரத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, பருவவாரியான பாடப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். படிப்பு முடிவதற்குள் ஒரு மாணவர் எத்தனை குறும்படங்களில் வேலை செய்கிறார், கருவிகளை வார இறுதியில் கடன் தருவார்களா, இறுதியாண்டுப் படத்தின் செலவு யாருடையது என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பெற்றோர் யாரும் கேட்பதே இல்லை. அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கட்டணத்துக்கே சரியாகிவிடும். நடிகர்களின் சாப்பாடு, வேன் வாடகை, பெட்ரோல், விளக்கு எல்லாம் வீட்டுக் கணக்கில்தான் வந்து விழும். முதல் ஆண்டிலேயே தெரிந்தால் சேர்த்து வைக்கலாம்.

தனியார் கல்லூரி என்றால் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ. அமைப்பின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். கல்லூரியின் பெயரை அல்ல, படிப்பின் பெயரைத் தேடுங்கள். புதிய படிப்புக்கு முதலில் தற்காலிக அங்கீகாரம்தான் கிடைக்கும். முதல் அணி இறுதியாண்டை எட்டும்போதுதான் முழு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிப்பார்கள். நீங்கள் அந்த முதல் அணியா என்பதைச் சேரும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

சேர்ந்தவுடன் அப்பாவைக் கடன்படவைத்து விலையுயர்ந்த கேமரா வாங்காதீர்கள். கேமரா கல்லூரியில் இருக்கும். நான்கு ஆண்டுகளில் பழையதாகவும் ஆகிவிடும். கையில் காசு இருந்தால் நல்ல மைக், காதை முழுக்க மூடும் ஹெட்போன், இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஏன் மைக் என்று கேட்கலாம்.

மாணவர் படங்களைப் பெரும்பாலும் கெடுப்பது ஒலிதான். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் கேட்கவில்லை என்றால் கைப்பேசியை எடுத்துவிடுவார். செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அம்மாவும் மகனும் பேசும் காட்சி என்று வைத்துக்கொள்வோம். மேலே மின்விசிறி சுற்றுகிறது, சமையலறையில் ஐஸ்பெட்டி உறுமுகிறது, கீழே மோட்டார் சைக்கிள் போகிறது. அங்கே நிற்கும் யார் காதிலும் இவை உறைக்காது, நம் மூளை வடிகட்டிவிடும். மைக் வடிகட்டாது. பிறகு எடிட்டிங்கில் அம்மா முகத்திலிருந்து மகன் முகத்துக்கு வெட்டும் ஒவ்வொரு முறையும் பின்னணி இரைச்சல் ஏறி இறங்கும். நடிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் காட்சி நிற்காது.

விசிறியை நிறுத்துங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு ஐஸ்பெட்டியையும் நிறுத்துங்கள். நிறுத்தியதும் வேன் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். சாவி இல்லாமல் யாரும் கிளம்ப முடியாது, பெட்டியை மறுபடி போடவும் மறக்காது. இல்லாவிட்டால் அந்த அம்மா வாங்கி வைத்த மீன் கெட்டுப்போகும், அடுத்த முறை எந்த மாணவருக்கும் கதவு திறக்காது. காட்சி முடிந்ததும் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் அமைதியை முப்பது விநாடி பதிவு செய்யுங்கள். வெட்டுகளுக்கு இடையே விழும் ஓட்டைகளை அடைக்க அதுதான் உதவும். பிரிக்பீல்ட்ஸ் மாதிரி இடம் என்றால் முந்தின நாளே, அதே நேரத்துக்குப் போய்க் கண்ணை மூடிக் கேளுங்கள். மோனோரயில் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை போகிறது, பாங்கு எப்போது, கோயில் மணி எப்போது என்று குறித்துவைத்தால் படப்பிடிப்பு நாளில் பாதிச் சண்டை குறையும்.

அனுமதி விஷயத்திலும் அலட்சியம் வேண்டாம். நம் நாட்டில் படத்தயாரிப்பு 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான ஃபினாஸின் உரிமத்துக்கு உட்பட்டது. மாணவர் வேலைக்கு என்ன நடைமுறை என்பதை விரிவுரையாளரிடம் முன்கூட்டியே கேட்டு, புலத்தின் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். பத்துமலை வளாகமோ ரயில் நிலையமோ, டிரைபாட்டை விரித்த பிறகு அனுமதி கேட்டால் அன்றைய நாள் போய்விடும். ஜோர்ஜ்டவுனின் சியூ ஜெட்டியில் பலகைப் பாதையின் இருபுறமும் குடும்பங்கள் வாழ்கின்றன. அது செட் அல்ல, அவர்கள் வீட்டு வாசல்.

தமிழ் மாணவர்கள் அதிகம் சறுக்குவது பாட்டு விஷயத்தில். சோகக் காட்சியா, உடனே ஒரு பழைய சினிமாப் பாட்டு. வகுப்பில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் விழாக்களுக்கு அனுப்பும்போது இசை உரிமை இருக்கிறதா என்று கேட்பார்கள், யூடியூபில் ஏற்றினால் தானாகவே பிடிபடும். பாட்டைப் பொதுவில் ஒலிக்கவிடும் உரிமம் வேறு, படத்தோடு சேர்க்கும் உரிமை வேறு. ஒன்றை வாங்கிவிட்டால் மற்றது வந்துவிடாது. இசை படிக்கும் நண்பரிடம் புதிதாக இரண்டு நிமிடம் கேட்டு வாங்குவது எளிது. அப்போதும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைவிட எனக்கு வலிப்பது கதை. நடப்பது கிள்ளானில், பேசுவது மதுரைத் தமிழ். நாம் “சாப்பாட்டைத் தப்பாவ் பண்ணிட்டு வாலா” என்று பேசுகிறவர்கள். நம் பேச்சைத் திரையில் கேட்கக் கூச்சப்படுகிறோம். இந்த மண்ணின் சினிமாவில் நமக்கு இடமில்லை என்ற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன்தான் 1950இல் ‘பக்தி’ என்ற மலாய்ப் படத்தில் பின்னாளில் மலாய்த் திரையின் பெரும் நட்சத்திரமான பி. ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கினார். 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கியபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் தமிழ் பேசும் ‘ஜகாட்’ சிறந்த மலேசியப் படம் என்ற விருதை வாங்கியது. அந்தப் படத்தில் இருந்தது நம் தோட்டமும் கம்பமும் நம் பேச்சும்தான். மலாய், ஆங்கில வசனவரிகளை மட்டும் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் ஓடினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ஹார்ட் டிஸ்க் இரண்டு என்று சொன்னதற்குக் காரணம்: ஒரே பிரதி என்பது பிரதியே இல்லாததற்குச் சமம். அன்றைய காட்சிகளை இரண்டு இடத்தில் ஏற்றிச் சரிபார்க்கும்வரை கார்டை அழிக்காதீர்கள், இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

எல்லாரும் இயக்குநர் நாற்காலிக்கு அடித்துக்கொள்வதும் தேவையில்லை. ஒலி, எடிட்டிங், தயாரிப்பு நிர்வாகம் ஆகியவற்றைக் கையில் வைத்திருப்பவரை அடுத்த ஆண்டு மாணவர்களே தேடி வந்து அழைப்பார்கள். தொழிற்பயிற்சிக்கு அனுப்பும் தொகுப்புக் காணொளியிலும் இதைக் காட்டுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள், சிறந்ததை முதலில் வையுங்கள், ஒவ்வொரு துண்டிலும் நீங்கள் செய்த வேலை என்ன என்பதை உள்ளபடி எழுதுங்கள். பூம் (மைக் பொருத்திய நீண்ட கோல்) பிடித்தீர்கள் என்றால் பூம் பிடித்தேன் என்றே எழுதுங்கள்.